குளூட்டமேட் ஏற்பியில் வளையங்கள் அமரும் இடம்

மூளையில் ஒரு நரம்பணு மற்றொன்றைத் தூண்டப் பெரும்பாலும் பயன்படுத்துவது குளூட்டமேட். ஐந்து கார்பன் கொண்ட சின்னஞ்சிறு சங்கிலி, இரு முனைகளிலும் கார்பாக்சில் தொகுதிகள், ஓர் அமினோ தொகுதி, அவ்வளவுதான். வளையம் எதுவும் அதில் இல்லை. ஆயினும் அதன் ஏற்பிகளைப் பற்றி நாம் அறிந்தவற்றில் கணிசமான பங்கைக் கற்றுத்தந்தவை அரோமாட்டிக் வளையம் தாங்கிய மூலக்கூறுகளே.

அமானிட்டா மஸ்காரியா என்ற நச்சுக் காளானில் ஐபோடெனிக் அமிலம் உண்டு. டென்மார்க்கின் கிரோக்ஸ்கார்ட்-லார்சன், ஹொனோரே ஆகியோர் அதன் ஐசாக்சசோல் வளையத்தைச் சற்றே மாற்றியமைத்த ஆம்பாவை 1980இல் அறிவித்தனர். வளையத்திலுள்ள ஹைட்ராக்சில் தொகுதி புரோட்டானை இழந்து, குளூட்டமேட்டின் கடைக்கோடி கார்பாக்சில் செய்யும் வேலையைத் தான் செய்கிறது. இன்று ஆம்பா தூண்டும் குளூட்டமேட் ஏற்பி வகையின் பெயரே ஆம்பா ஏற்பி.

அதே ஹொனோரே 1988இல் நேர்மாறான மூலக்கூறுகளுடன் வந்தார்: சிஎன்க்யூஎக்ஸ், டிஎன்க்யூஎக்ஸ். இவை ஏற்பியைத் தூண்டுவதில்லை, தடுக்கின்றன. ஏன் என்பது 2000இல் ஆம்ஸ்ட்ராங், குவோ இருவரும் வெளியிட்ட படிக அமைப்புகளில் கண்கூடாகத் தெரிந்தது. ஏற்பியின் பிணைப்புப் பகுதி சிப்பியின் இரு ஓடுகளைப் போன்றது. குளூட்டமேட்டோ ஆம்பாவோ உள்ளே அமர்ந்ததும் ஓடுகள் ஏறத்தாழ 20 பாகை மூடிக்கொள்கின்றன. அந்த இழுப்பில் கீழேயுள்ள அயனித் தடம் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. டிஎன்க்யூஎக்ஸும் அதே குழிக்குள்தான் வருகிறது. அதன் தட்டையான இரட்டை வளையம் ஏற்பிப் புரதத்தின் 450ஆம் இடத்து அமினோ அமிலமான டைரோசினின் வளையத்தோடு முகம் பொருத்திப் படிகிறது. அதன் ஆக்சிஜன்கள் 485ஆம் இடத்து அர்ஜினினைப் பற்றுகின்றன. குளூட்டமேட்டின் கார்பாக்சிலைப் பிடிப்பதும் இதே அர்ஜினின்தான். பிடிமானம் உறுதியானது, ஆனால் ஓடுகள் மூட இடமில்லை. சில பாகைகளோடு நின்றுவிடுகின்றன. பிணைவதும் செயல்படுத்துவதும் வெவ்வேறு நிகழ்ச்சிகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

ஹொனோரேயின் 1980, 1988 ஆய்வுகள் இரண்டிலும் பங்குகொண்ட டேவிட் லாட்ஜ், இடையில் 1983இல், மயக்க மருந்தான கெட்டமின், குளூட்டமேட் ஏற்பிகளில் மற்றொரு வகையான எம்என்டிஏ ஏற்பியைத் தடுப்பதைச் சக ஆய்வாளர்களுடன் காட்டியிருந்தார். கெட்டமின் சிப்பிக்குள் போவதில்லை. தடம் திறந்தபின் உள்ளே நுழைந்து வழியை அடைக்கிறது. ஆகவே ஏற்பி எவ்வளவு மும்முரமாக இயங்குகிறதோ அவ்வளவு விரைவில் அடைபடும்.

மருத்துவத்துக்கு இந்த இட வேறுபாடு உயிர்நாடியானது. வலிப்பின்போது குளூட்டமேட் பெருகி வழிகிறது. அதே குழிக்குப் போட்டியிடும் தடுப்பான் அந்த வெள்ளத்தில் இடம் இழக்கக்கூடும். 2012இல் வலிப்பு மருந்தாக ஒப்புதல் பெற்ற பெராம்பனெல் போட்டியிடுவதே இல்லை. பல அரோமாட்டிக் வளையங்கள் கொண்ட அது, ஆம்பா ஏற்பியில் செல் சவ்வை ஒட்டிய கழுத்துப் பகுதியில் ஆப்பாக இறங்குகிறது. மேலே குளூட்டமேட் எவ்வளவு வந்தாலும் அதைத் தள்ளி வெளியேற்ற முடியாது.

ஆம்பா ஏற்பி மூளை முழுவதும் பரவியிருப்பதால் இம்மருந்தால் தலைச்சுற்றலும் தூக்கக் கலக்கமும், சிலருக்குக் கடுஞ்சினமும் வருகின்றன. எனவேதான் ஹிப்போகாம்பசில் மிகுந்திருக்கும் காமா-8 என்ற துணைப்புரதம் சேர்ந்த ஆம்பா ஏற்பிகளை மட்டும் தடுக்கும் மூலக்கூறுகளை ஆய்வாளர்கள் உருவாக்கி வருகின்றனர்.