அமெரிக்கக் கால்நடைப் பண்ணைகளின் காற்று உமிழ்வு: அளவீடும் ஒழுங்குமுறையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பன்றி, கோழி, கறவை மாடு ஆகியவற்றைப் பெரும் எண்ணிக்கையில் அடைத்து வளர்க்கும் பண்ணைகள் அமோனியா, ஹைட்ரஜன் சல்பைடு, நுண்துகள்கள், ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் ஆகியவற்றைக் காற்றில் வெளியிடுகின்றன. இவற்றை அளந்து சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரும் முயற்சி 2000-களின் தொடக்கத்தில் வேகம் பெற்றது. அளவீடு முடியும்வரை பண்ணைகள் மீது வழக்குத் தொடுப்பதில்லை என்ற உடன்பாடும், அதைத் தொடர்ந்த நீண்ட தாமதமும் இவ்வரலாற்றின் மையமாக உள்ளன.

பின்னணி

கால்நடைகளின் சிறுநீரில் உள்ள யூரியா, சாணத்தில் உள்ள யூரியேஸ் நொதியால் சிதைந்து அமோனியாவாகிறது. காற்றுப் புகாத கழிவுக் குழிகளில் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. அமோனியா கண்ணிலும் மூச்சுப்பாதையிலும் எரிச்சலை ஏற்படுத்தும். அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு மிகுந்தால் உயிரைப் பறிக்கும்.

1980, 1986 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட இரு சட்டங்களின்படி, ஒரு நாளில் 100 பவுண்டுக்கு (சுமார் 45 கிலோ) மேல் இவ்வாயுக்களில் ஒன்றை வெளியிடும் இடங்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். தொழிற்சாலை என்றால் புகைபோக்கியில் கருவியைப் பொருத்தி அளக்கலாம். பண்ணையில் கொட்டகை, கழிவுக் குட்டை, எரு பரப்பிய வயல் என எல்லா இடங்களிலிருந்தும் வாயு எழுகிறது. தீவனம், விலங்கின் வயது, வெப்பநிலை ஆகியவற்றுக்கேற்ப அதன் அளவும் மாறுகிறது. விலங்கு ஒன்றுக்கு இவ்வளவு என நிலையான எண்ணால் கணக்கிடுவது போதாது என்று தேசிய ஆராய்ச்சி மன்றம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை சுட்டிக்காட்டியது.

2005 உடன்பாடு

2005 ஜனவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பண்ணை உரிமையாளர்களுக்கு ஓர் உடன்பாட்டை முன்வைத்தது. இதில் சேர்ந்தவர்கள் பண்ணையின் அளவைப் பொறுத்து 200 முதல் 1,00,000 டாலர் வரை அபராதம் செலுத்தினர். ஆய்வுக்கும் நிதி அளித்தனர். பதிலாக, கணிப்பு முறைகள் உருவாகும்வரை அவர்கள் மீது நடவடிக்கை எடுப்பதில்லை என முகமை நிபந்தனைகளுடன் ஒப்புக்கொண்டது. சுமார் 14,000 பண்ணைகள் இதில் இடம்பெற்றன.

அளவீடு

பர்டூ பல்கலைக்கழகத்தின் தலைமையில் தேசியக் காற்று உமிழ்வுக் கண்காணிப்பு ஆய்வு 2007 முதல் 2010 வரை நடைபெற்றது. விசிறிகள் பொருத்திய கொட்டகைகளில், வெளியேறும் காற்றின் கன அளவையும் அதிலுள்ள வாயுவின் செறிவையும் பெருக்கி உமிழ்வு கணக்கிடப்பட்டது. திறந்த கழிவுக் குட்டைகளைச் சுற்றி ஒளிக்கற்றைகளைச் செலுத்தி அளந்தனர்.

2012-இல் முகமை முதல் வரைவுக் கணிப்பு முறைகளை வெளியிட்டது. ஒரு சில பண்ணைகளின் தரவைக் கொண்டு உருவாக்கிய அவற்றை நாடு முழுவதற்கும் பயன்படுத்த இயலாது என அறிவியல் ஆலோசனைக் குழு 2013-இல் கருத்துரைத்தது. உடன்பாட்டுக்குப் பதினொரு ஆண்டுகள் கடந்தும் நம்பகமான முறைகள் உருவாகவில்லை என்று முகமையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2017-இல் அறிக்கை அளித்தது. அதுவரை உடன்பாட்டின் பாதுகாப்பும் நீடித்தது. திருத்திய வரைவுகள் 2020 முதல் படிப்படியாக வெளிவரத் தொடங்கின.

தெரிவிக்கும் கடமை

2008 டிசம்பரில் முகமை பெரும்பாலான பண்ணைகளுக்குத் தெரிவிக்கும் கடமையிலிருந்து விலக்களித்தது. 2017 ஏப்ரலில் கொலம்பியா வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விலக்கை ரத்து செய்தது. கழிவுக் குழியைக் கலக்கும்போது ஆபத்தான வாயு திடீரென உயர்வதால், இத்தகைய தகவல் பயனற்றதல்ல என்று தீர்ப்பு கூறியது.

ஆயினும் 2018 மார்ச்சில் அமெரிக்கக் காங்கிரஸ், கால்நடைக் கழிவிலிருந்து எழும் உமிழ்வுகளுக்கு 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விலக்களித்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் 2019-இல் முகமை அதே விலக்கை வழங்கியது. இதனால் பண்ணையருகே வாழ்வோர் தாம் சுவாசிக்கும் காற்றில் எவ்வளவு வாயு கலக்கிறது என்பதை அறிய இச்சட்டங்கள் தந்த வழி அடைபட்டது.