செலவான நேரத்தின் கணக்கு

நேற்று மாலை எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்று கேட்டால், "மூன்று மணி நேரம்" என்று தயங்காமல் சொல்வீர்கள். ஆறு மணிக்கு உட்கார்ந்தீர்கள், ஒன்பது மணிக்கு எழுந்தீர்கள், கழித்தால் மூன்று. ஆனால் இடையில் தண்ணீர் குடிக்க எழுந்ததும், நண்பரோடு வாசலில் நின்று பேசியதும், புத்தகம் திறந்திருக்க மனம் வேறெங்கோ திரிந்ததும் எந்தக் கணக்கில் சேரும்?

பௌதிக ஆய்வுக்கூடத்தில் ஊசலின் அலைவு நேரத்தை அளக்கும் மாணவருக்கு நாங்கள் முதலில் சொல்லும் விதி இது: அளந்த உடனே நோட்டில் எழுது, நினைவை நம்பாதே. ஊசலுக்குக் காட்டும் இந்தக் கண்டிப்பை மனிதனின் வேலை நேரத்துக்கும் காட்டியவர்கள் உண்டு. அந்த வரலாற்றைச் சற்றே காண்போம்.

தொழிற்சாலையில் கடிகாரம்

1880களில் அமெரிக்காவில், பிலடெல்பியா நகரின் மிட்வேல் உருக்காலையில் பிரெடெரிக் டெய்லர் என்ற பொறியாளர் தொழிலாளர் செய்யும் வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அசைவுக்கும் ஆகும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளக்கச் செய்தார். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் "ஆக வேண்டும்" என்பதை இவ்வாறு முடிவு செய்யலாம் என்பது அவர் கருத்து.

அளக்கப்பட்டவர்களின் கருத்து வேறாக இருந்தது. 1911ஆம் ஆண்டு ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வாட்டர்டவுன் அரசு ஆயுதச் சாலையில், கையில் கடிகாரத்துடன் ஒருவர் வந்து பக்கத்தில் நின்றதும் வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினர். இது தம்மை இழிவுபடுத்துவது என்று முறையிட்டனர். அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தது. 1915இல், இராணுவச் செலவுக்கான சட்டத்திலேயே இத்தகைய கடிகார அளவைக்குத் தடை சேர்க்கப்பட்டது.

கடிகாரம் செய்த குற்றம் ஒன்றுமில்லை. அது யார் கையில் இருந்தது, அதன் கணக்கு யாருக்குப் பயன்பட்டது என்பதே வழக்கு.

பூச்சியியல் அறிஞரின் நோட்டு

அந்தத் தடை வந்த மறு ஆண்டே, உலகின் மற்றொரு மூலையில், ஓர் இளைஞர் யாருடைய கட்டளையும் இன்றித் தம் நேரத்தைத் தாமே அளக்கத் தொடங்கினார். ரஷ்யாவைச் சேர்ந்த அலெக்சாண்டர் லியுபீஷெவ் 1890இல் பிறந்தவர். தெள்ளுப்பூச்சிபோல் தாவும் சிறு வண்டுகளை இனம் பிரித்து ஆராய்ந்தவர். 1916 ஜனவரி முதல் நாள், தம் 25ஆம் வயதில், அவர் இந்தக் கணக்கைத் தொடங்கினார். 1972இல் இறக்கும் வரை 56 ஆண்டுகள் அதைத் தொடர்ந்தார். முதல் உலகப் போரின் பிற்பகுதியும் இரண்டாம் உலகப் போரும் புரட்சியும் இந்த இடைவெளியில் அடங்கும்.

அவருடைய முறை மிக எளிது. செய்த வேலையின் பெயர், அதற்கு ஆன மணி, நிமிடம், அவ்வளவுதான். உணர்ச்சிகளோ வருணனைகளோ அதில் இல்லை. இடையே எழுந்து நடந்ததும் ஓய்ந்திருந்ததும் கழிக்கப்பட்டு, நிகர நேரம் மட்டுமே எழுதப்படும். முதன்மையான ஆராய்ச்சி வேலைகள் முதல் வகை. ஏனையவை அடுத்த வகைகள். மாத முடிவில் கூட்டல். ஆண்டு முடிவில் மற்றொரு கூட்டல். திட்டமிட்டதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்.

1965 ஆகஸ்டு மாதத்தில் முதல் வகை வேலைக்கு அவர் எழுதிய கணக்கு இது:

முக்கிய ஆராய்ச்சி – 59 மணி 45 நிமிடம்
பூச்சி இனப் பகுப்பு – 20 மணி 55 நிமிடம்
துணை வேலைகள் – 50 மணி 25 நிமிடம்
ஏற்பாட்டு வேலைகள் – 5 மணி 40 நிமிடம்
மொத்தம் – 136 மணி 45 நிமிடம்

இதை 31 நாட்களால் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு ஏறத்தாழ 4 மணி 25 நிமிடம்! அப்போது அவருக்கு வயது 75 என்பது உண்மை. ஆயினும், நாளெல்லாம் மேசையை விட்டு எழாத மனிதரை எதிர்பார்த்த நமக்கு இந்த எண் வியப்பளிக்கிறது. நேரத்தை இவ்வளவு கருத்தாகக் காத்தவரே நான்கரை மணிக்குக் குறைவாகத்தான் எழுதிக்கொள்கிறார். ஏன்? அவர் எழுதியது கழித்தது போக எஞ்சிய நேரம். நாம் சொல்லிக்கொள்வதோ கழிக்காத நேரம்.

எழுத்தாளர் தனீல் கிரானின் 1974இல் வெளியிட்ட "இந்த விசித்திரமான வாழ்க்கை" என்ற நூலால்தான் இந்தக் கணக்கு பலருக்கும் தெரியவந்தது.

நோட்டிலிருந்து கணிப்பொறிக்கு

காகிதத்தில் கூட்டல் அலுப்பான வேலை. அந்த அலுப்பைக் கணிப்பொறி நீக்கியது. 2003இல், வானியல் அறிஞர் கார்ஸ்டென் டொமினிக் தம் குறிப்புகளை ஒழுங்குபடுத்திக்கொள்ள "ஆர்க்" என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். இது, 1976இல் தோன்றிய ஈமாக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பு நிரலுக்குள் இயங்குவது.

இதில் எல்லாம் வெறும் எழுத்துகளே. நட்சத்திரக் குறியிட்டு வேலையின் தலைப்பை எழுதுகிறோம். தொடங்கும்போது விசைகளைத் தட்டினால், தலைப்பின் கீழ் தேதியும் மணியும் ஒரு வரியாகப் பதிகின்றன. முடிக்கும்போது மீண்டும் தட்டினால், முடிந்த நேரமும் இரண்டின் வித்தியாசமும் அதே வரியில் சேர்கின்றன. கேட்டால், தலைப்புவாரியாகக் கூட்டி அட்டவணையும் தரும். நாம் எழுந்து போய்விட்டால், திரும்பி வந்ததும் "சும்மா இருந்த இத்தனை நிமிடத்தைக் கழிக்கலாமா?" என்று கேட்கும்படியும் அமைத்துக்கொள்ளலாம். லியுபீஷெவ் மனத்துக்குள் போட்ட கழித்தல் கணக்கு இதுவே அன்றோ!

வெறும் எழுத்தாக இருப்பதில் ஒரு பயன் உண்டு. இந்த நிரலே மறைந்துபோனாலும், எழுத்தைக் காட்டும் எந்தக் கணிப்பொறியிலும் அந்தக் குறிப்பைத் திறந்து படிக்கலாம். பழைய நோட்டைப் புரட்டுவது போலத்தான்.

நீங்களும் அளந்து பாருங்கள்

நானும் ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். ஒரு விடைத்தாள் திருத்தப் பத்து நிமிடம் ஆகும் என்பது என் எண்ணம். குறிப்பு காட்டியது ஆறு. மற்ற நான்கும் அலுப்பின் கணக்கு! இதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நாள்தோறும் இரண்டு மணி நேரம் பாட நூல்களுக்கு அப்பால் படிப்பதாகவும் நம்பியிருந்தேன். அந்த வாரச் சராசரி நாற்பது நிமிடம்கூடத் தேறவில்லை. மாணவரைப் பார்த்து "படிப்பதில்லை" என்று குறை சொல்லும்போது இப்போதெல்லாம் என் குரல் சற்றுத் தாழ்ந்துவிடுகிறது.

உங்களுக்குக் கணிப்பொறி வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் போதும். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடையில் கழிந்தது ஆகிய மூன்றையும் அப்போதைக்கப்போதே எழுதுங்கள். அந்த நோட்டை யாரிடமும் காட்ட வேண்டாம். பிறருக்குக் காட்டுவதற்காக எழுதப்படும் கணக்கு விரைவில் பொய் சொல்லத் தொடங்கிவிடும். கடிகாரம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

ஏழாம் நாள் இரவு கூட்டிப் பாருங்கள். வரும் எண் சிறியதாக இருந்தால் வருந்த வேண்டாம். அளவுகோலைக் குறை கூறாமல் அளவை ஏற்றுக்கொள்வதே விஞ்ஞானத்தின் முதல் பாடம்.