சுரம், எண், கமகம்: மிடி நெறிமுறை குறித்த ஒரு வரலாற்றுக் குறிப்பு

புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ் நாராயண் 1979ஆம் ஆண்டு பெங்களூருவில் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். இன்று அத்தகைய கருவி இல்லாத கச்சேரி மேடையைக் காண்பது அரிது. தம்புராவின் பணி நிலையான சுருதியைத் தருவது. நிலையானதை மின்சுற்றில் அடக்க இயலும். அசைந்துகொண்டே இருக்கும் சுரத்தை அடக்குவதே கடினம். மின்னணு இசையின் பொதுமொழியான மிடி அக்கடினத்தை எவ்வாறு எதிர்கொண்டது என்பது, தென்னிந்திய இசை வரலாற்றில் வைத்து நோக்கத்தக்கது.

டேவ் ஸ்மித், இக்குதாரோ ககேஹாஷி ஆகியோரின் முன்னெடுப்பில் உருவான மிடி, 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் கண்காட்சியில் முதன்முதலாகப் பொதுவெளியில் செயல்படுத்திக் காட்டப்பட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்களை ஒரே கம்பியால் இணைப்பது அதன் நோக்கம். மிடி ஒலியை அனுப்புவதில்லை; கட்டளைகளை மட்டுமே அனுப்புகிறது. எந்த விசை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையுடன், எப்போது விடப்பட்டது என்பனவே அக்கட்டளைகள். சுரம் என்பது 0 முதல் 127 வரையிலான ஓர் எண். இக்கருத்தாக்கத்தின் பின்னணியில் இருப்பது பியானோவின் விசைப்பலகை.

தோடி இராகத்தின் காந்தாரத்தை இங்கே எண்ணிப் பார்க்கலாம். அது ரிஷபத்திற்கும் மத்தியமத்திற்கும் இடையே அசைந்து நிற்பது. அதற்குரிய விசையை அழுத்தினால் ஒரு நிலையான ஒலி பிறக்கும், தோடி பிறக்காது. சுரத்தை வளைக்க மிடியில் பிட்ச் பெண்ட் என்னும் கட்டளை உண்டு. அதில் 16,384 படிகள் இருப்பதால் நுண்மைக்குக் குறைவில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. அக்கட்டளை ஒரு சேனல் முழுமைக்கும் பொருந்தும். ஒரே சேனலில் இரண்டு சுரங்கள் ஒலித்தால் இரண்டும் சேர்ந்தே வளையும்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிப்போல்டு ஹேக்கன் உருவாக்கிய கன்டினியம் என்னும் கருவி இக்குறையை வெளிச்சமிட்டது. அதில் விசைகள் இல்லை. மென்மையான நீண்ட பரப்பு மட்டுமே உண்டு. ஒவ்வொரு விரலின் இடவல அசைவையும், முன்பின் அசைவையும், அழுத்தத்தையும் அது தனித்தனியே உணரும். ஏ. ஆர். ரகுமான் 2009இல் வெளிவந்த ‘டெல்லி-6’ திரைப்படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாடலில் இக்கருவியைப் பயன்படுத்தினார்.

இத்தகைய கருவியைக் கொண்டு மென்பொருள் சிந்தசைசரை இயக்க ஒரு மாற்றுவழி வேண்டியிருந்தது. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சேனலை ஒதுக்குவதே அது. மிடி கிதார்கள் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சேனல் என முன்னரே கையாண்ட முறை. இதில் இரு இடர்கள் உண்டு. முதலாவது, வளைவின் எல்லை. கருவி 48 அரைச்சுரங்களை எல்லையாகக் கொண்டு அனுப்ப, மென்பொருள் 2 அரைச்சுரங்களை எல்லையாகக் கொண்டால், விரல் ஒரு ஸ்தாயி நகர்ந்தாலும் ஒலி அரை அரைச்சுரமே நகரும். இரண்டாவது, வேகம். பழைய மிடி கம்பி நொடிக்கு 31,250 பிட்டுகளையே கடத்தும். அதாவது ஏறத்தாழ ஆயிரம் பிட்ச் பெண்ட் கட்டளைகள். பத்து விரல்களின் மூவகை அசைவுகளும் அதற்குள் அடங்க வேண்டும். யுஎஸ்பி இணைப்பு இரண்டாம் இடரைத் தணித்தது. முதலாவதற்கு 2018 ஜனவரியில் ஏற்கப்பட்ட எம்பிஇ என்னும் விரிவாக்கம் பொது விதி வகுத்தது: ஒவ்வொரு சுரத்திற்கும் தனிச் சேனல், வளைவின் இயல்பான எல்லை மேலும் கீழும் 48 அரைச்சுரங்கள்.

தென்னிந்தியாவுக்கு இச்சிக்கல் புதியதன்று. 1890களில் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் கர்நாடக இசைப் படைப்புகளை ஐரோப்பியக் குறியீட்டில் பதிப்பிக்க முனைந்தபோதும் கமகத்தை எவ்வாறு எழுதுவது என்னும் வினா எழுந்தது. சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ கமகங்களுக்குத் தனிக் குறிகளை வகுத்தது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியதற்கு முன்வைக்கப்பட்ட காரணங்களுள், நிலைத்த சுரங்களைக் கொண்ட அக்கருவியால் கமகம் இசைக்க இயலாது என்பதும் ஒன்று. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது.

எட்டயபுரத்துப் பதிப்பையும் எம்பிஇ விதியையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை புலப்படும. தீட்சிதரின் குறி அசைவின் பெயரைச் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. அளவைக் குருமுகமாகவே அறிய வேண்டும். எம்பிஇ அளவை மிக நுணுக்கமாகச் சொல்கிறது; பெயரைச் சொல்வதில்லை. கம்பிதமா, ஜாருவா என்பதை அது அறியாது. மேலும், அதிலும் சுரம் முதலில் ஓர் எண்ணே. அசைவு அந்த எண்ணிலிருந்து விலகலாகவே பதிவாகிறது. கர்நாடக இசையிலோ கமகம் சுரத்தின் விலகலன்று. சுரத்தின் உருவமே அது.

இன்றைய இசை மாணவர் கணினியில் எழுதும் ஒவ்வொரு வரியும் இந்த எண்களின் வழியே செல்கிறது. கருவிகள் அசைவைப் பதிவுசெய்யக் கற்றுவிட்டன. அப்பதிவிலிருந்து கமகத்தை அதன் பெயரோடு மீட்டெடுக்கும் பணி இசையியலாளருக்கே உரியது. அளவும் பெயரும் ஒன்றுசேரும் ஏடு இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.