ஒரே பசி, இரண்டு கவிஞர்கள்: 'வறுமையின் நிறம் சிவப்பு'ம் 'ஆகலி ராஜ்ய'மும்

ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களும் கூடுமிடத்திற்கு அருகில், சித்தூர் மாவட்டத்தின் கோடியில் உள்ளது ராமகுப்பம். குப்பம், ராமகுப்பம் வட்டாரங்களில் தெலுங்கும் தமிழும் அருகருகே புழங்குகின்றன. கே. பாலசந்தர் ஒரே கதையை இருமுறை படமாக்கியதன் பொருள், இத்தகைய இருமொழிப் பார்வையாளருக்கே முழுமையாகப் புலப்படும். 'வறுமையின் நிறம் சிவப்பு' 1980 நவம்பரில் வெளிவந்தது. 'ஆகலி ராஜ்யம்' 1981-இன் தொடக்கத்தில் வந்தது. இரண்டிலும் கமல்ஹாசனும் ஸ்ரீதேவியும் நடித்தனர். இரண்டுக்கும் இசை எம்.எஸ். விஸ்வநாதன்.

தந்தையோடு முரண்பட்டு, வேலை தேடித் தில்லிக்கு வந்த பட்டதாரி ரங்கன். அவனோடு அதே அறையில் பசித்திருக்கும் நண்பர்கள். தில்லி என்ற தெரிவு தற்செயலானதன்று. சென்னையில் இக்கதை நிகழ்ந்திருந்தால் ரங்கனுக்கு உறவினர் வீடு ஒன்றேனும் இருந்திருக்கும். அயல்மொழி நகரத்தில் தாய்மொழி பேசுபவனே உறவினனாகிறான். நட்பு அங்கே மொழியின் மேல் எழுகிறது. உண்ண எதுவுமின்றி, தேவி அறியக்கூடாதென்று வெறும் தட்டுகளின் முன் அவர்கள் உண்பதுபோல் பாவனை செய்யும் காட்சி இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், பசியைவிட மானத்தைக் கூட்டாகக் காக்கும் அந்தத் தோழமைதான். 1983-இல் பாலசந்தர் இக்கதையை 'ஸரா சி ஜிந்தகி' என இந்தியில் எடுத்தபோது இந்த அடித்தளமே நழுவிவிட்டது எனலாம். இந்தி பேசும் இளைஞனுக்குத் தில்லி எங்ஙனம் அயல்மொழி நகரமாகும்?

இரு வடிவங்களும் பிரியுமிடம் கவிதை. தமிழ் ரங்கன் பாரதியைச் சொல்கிறான்; தெலுங்கு ரங்கன் ஸ்ரீஸ்ரீயை. இதை வெறும் மொழிபெயர்ப்பு மாற்றமாகக் கொள்ளுதல் பிழை. பாரதி 1921-இலேயே மறைந்தவர். அவர் படைப்புகளின் உரிமையை 1949-இல் சென்னை மாகாண அரசே பெற்று, பின்னர் பொதுவுடைமையாக்கியது. பசி குறித்த அவரது சினம் 1980-க்குள் பாடநூலின் சொத்தாகிவிட்டிருந்தது. அச்சினத்தைப் பாடநூலிலிருந்து பறித்து வேலையற்றவன் வாயில் வைத்ததே தமிழ் வடிவத்தின் துணிவு. ஸ்ரீஸ்ரீயோ படம் வெளிவந்தபோது உயிரோடிருந்தார், 1983-இல்தான் மறைந்தார். 'மகாப்பிரஸ்தானம்' தந்த அவர், 1970-இல் உருவான புரட்சி எழுத்தாளர் சங்கத்தின் முதல் தலைவர். ஆகவே தெலுங்கு ரங்கனின் குரலில் ஒலிப்பது நினைவுகூரப்படும் மரபன்று. அன்றைய ஆந்திரத்தில் நடந்துகொண்டிருந்த அரசியல் விவாதம். தலைப்பில் உள்ள சிவப்பைத் தெலுங்குப் படம் தவிர்த்ததும், உள்ளே சிவப்பு கூடியதும் சுவையான முரண்.

நகரத்தில் சிதையும் கனவுகளைப் பேசும் படங்களில் ஜான் ஷ்லெசிங்கரின் 'மிட்நைட் கௌபாய்' (1969) உலகறிந்தது. அங்கே நண்பர்கள் இருவரும் நியூயார்க்கை விட்டு வெளியேறுகின்றனர். ஒருவன் பேருந்திலேயே இறக்கிறான். ரங்கன் வெளியேறுவதில்லை. முடிதிருத்தும் தொழிலைக் கைக்கொள்கிறான். தந்தை அவனை அக்கோலத்திலேயே காண்கிறார். உழைப்பின் மாண்பு என இம்முடிவு பெரிதும் போற்றப்பட்டது. ஆயினும் விமர்சனம் தயங்கிய இடமும் இதுவே. அத்தொழில் ரங்கனுக்குத் தெரிவு. தமிழில் நாவிதர், தெலுங்கில் மங்கலி என்றழைக்கப்பட்ட மக்கள்மீதோ அது பிறப்பால் சுமத்தப்பட்டது. பட்டதாரி கத்தரியை எடுப்பது புரட்சியாகத் தோன்ற வேண்டுமெனில், அதைப் பரம்பரையாக ஏந்திய கைகளைச் சட்டகத்திற்கு வெளியே நிறுத்த வேண்டியிருக்கிறது. பாரதியும் ஸ்ரீஸ்ரீயும் ஒலிக்கும் இரு படங்களிலும் அந்தக் கைகளுக்கு உரியவன் நாயகனின் நண்பனாகக்கூட இடம்பெறவில்லை.