வமிசாவளிக்குச் சான்று எங்கே?

கலீஃபா ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக் காலத்தில் (கி.பி. 634-644) அரசு மானியம் பெறுவோரின் பெயர்களைப் பதிந்து வைக்க 'தீவான்' என்னும் பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். அப்பணிக்கு அவர்கள் தேர்ந்தவர்கள் மூவர்: அகீல் இப்னு அபீதாலிப், மக்ரமா இப்னு நவ்ஃபல், ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) ஆகியோர். மூவரும் குறைஷியரின் குலவழியை நன்கறிந்தவர்கள். குலப்பெருமை பேசுவதற்காக அவர்கள் அமர்த்தப்படவில்லை. உரியவர்க்கு உரிய பங்கு சேர வேண்டும் என்பதே நோக்கம். வமிசாவளி அறிவு நீதிக்குத் துணை நின்ற இடம் அது.

பின்னர் அவ்வறிவு 'இல்முல் அன்ஸாப்' என்னும் தனிக்கலையாக வளர்ந்தது. கூஃபா நகரத்து ஹிஷாம் இப்னுல் கல்பீயும், குர்துபா தந்த பேரறிஞர் இப்னு ஹஸ்மும் (994-1064) அரபுக் குலங்களின் வழிமுறையைப் பெருநூல்களாகத் தொகுத்தனர். தொகுத்ததோடு கலை முடிந்துவிடவில்லை. தொகுத்ததைச் சோதிக்கவும் அறிஞர் முற்பட்டனர். 1377இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன் இதற்கு நல்ல சான்றாவார். நபி மூஸா (அலை) அவர்களின் படையில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர் இருந்தனர் என்று மஸ்ஊதீ முதலானோர் எழுதிச் சென்றதை அவர் எடுத்துக்கொண்டார். யஃகூப் (அலை) அவர்களுக்கும் மூஸா (அலை) அவர்களுக்கும் இடையே நான்கு தலைமுறைகளே என்கிறது வமிசாவளி. நான்கு தலைமுறையில் ஒருவர் வழித்தோன்றல்கள் இத்துணைப் பெருக முடியுமா என்று வினவினார். எத்துணைப் பேர் எழுதினர் என்பதை அவர் பார்க்கவில்லை. கணக்குப் பொருந்துகிறதா என்பதையே பார்த்தார்.

இன்று இக்கலை கல்லூரிச் சுவரையும் கடந்து, இணையவழிப் பாடமாக இல்லந்தோறும் வந்து நிற்கிறது. ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகம், குடிவழி ஆய்வைப் பற்றிய ஆறு வாரப் பாடமொன்றை 2016இல் இணையவழி அளித்தது. உலகின் எம்மூலையில் இருப்பவரும் அதனைக் கற்க முடிந்தது. அப்பல்கலைக்கழகம் இத்துறையில் முதுநிலைப் பட்டம் வரையிலும் இணையவழியே கற்பித்து வந்துள்ளது. அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகமும் இதற்கெனச் சான்றிதழ்ப் பாடம் நடத்தியுள்ளது.

பாட்டனார் பெயரைக் கண்டுபிடித்துத் தருவதன்று இப்பாடங்களின் பணி. கண்ட பெயரை நம்பலாமா என்று கேட்கப் பழக்குவதே அவற்றின் பணியாகும். 1964இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட குடிவழி ஆய்வாளர் சான்றளிப்பு வாரியத்தின் அளவுகோல் இங்கே பெரிதும் பயன்படுகிறது. அதற்கு ஐந்து கூறுகள் உண்டு: இயன்றவரை எல்லா ஆவணங்களையும் தேடுதல், ஒவ்வொரு செய்திக்கும் அது கிடைத்த இடத்தைக் குறித்தல், சான்றுகளை ஆய்ந்து ஒப்பிடுதல், முரண்படும் சான்றுகளுக்குத் தீர்வு காணுதல், முடிவைக் காரணத்தோடு எழுதி வைத்தல். ஒரே தவற்றைப் பத்துப் பேர் படியெடுத்தால் அது பத்துச் சாட்சியம் ஆகாது. ஒரே வாயினின்று கேட்ட பதின்மரை ஹதீஸ் கலை வல்லுநர் பத்துத் தனிச் சாட்சிகளாகக் கொள்வதில்லை அன்றோ?

இச்சோதனை தவறினால் நேர்வது என்ன என்பதற்கு அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' ஒரு பாடம். 1976இல் வெளியான அந்நூல், காம்பியா நாட்டு ஜுஃபூரே சிற்றூரில் பிறந்து அடிமையாகக் கொண்டு செல்லப்பட்ட குன்ட்டா கின்ட்டே என்னும் முஸ்லிம் இளைஞரைத் தம் மூதாதை என்றது. அவர் 1767இல் அனாபொலிஸ் துறையில் வந்திறங்கி, வர்ஜீனியாவில் வாலர் குடும்பத்தாரிடம் 'தோபி' எனப் பெயர் மாற்றப்பட்டார் என்று ஹேலி எழுதினார். அந்நூல் கண்ணீரால் வரவேற்கப்பட்டது. 1981இல் வரலாற்றறிஞர் கேரி மில்சும் குடிவழி ஆய்வாளர் எலிசபெத் ஷோன் மில்சும் வர்ஜீனிய ஆவணங்களைப் புரட்டினர். தோபி 1762லேயே வாலர் குடும்பத்தில் இருந்தது தெரிந்தது. கப்பல் வந்தது அதற்கு ஐந்தாண்டு கழித்து. 1782ஆம் ஆண்டு வரிப் பட்டியல் எழுதப்படும் முன்பே அவர் பெயர் மறைந்தும் போயிற்று. அவருடைய மகள் எனப்பட்ட கிஸ்ஸி பிறந்ததாகச் சொல்லப்படுவதோ 1790இல்! இப்னு கல்தூன் கேட்ட அதே கணக்கைத்தான் இவர்களும் கேட்டனர்.

ஹேலி பல்லாயிரவரைத் தம் வேரைத் தேடத் தூண்டினார் என்பது பெரும் நன்மையே. ஆனால், பெயரைப் பறிகொடுத்த ஒரு சமுதாயத்துக்குத் தவறான மூதாதையைத் தருவது இரண்டாம் முறை பறிப்பதாகும். அச்சமுதாயத்தின் இழப்பை எண்ணிப் பாருங்கள். 1850, 1860ஆம் ஆண்டுகளின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகள் தனிப் பட்டியலில் இடம்பெற்றனர். அதில் உரிமையாளரின் பெயர் இருந்தது. அடிமைக்கு வயதும் பாலும் நிறமும் மட்டுமே எழுதப்பட்டன. விடுதலை பெற்றோர் அனைவரும் பெயரோடு கணக்கெடுக்கப்பட்டது 1870இல்தான். அதற்கு முந்திய தலைமுறையைக் காண விழைவோர், அடிமை கொண்டவரின் உயில்களிலும் சொத்துப் பட்டியல்களிலும், மாடு கன்றுகளோடு எழுதப்பட்ட பெயர்களைத் தேட வேண்டும். இத்தேடலுக்குப் பயிற்சி இன்றியமையாதது.

1865 முதல் 1872 வரை இயங்கிய விடுதலை பெற்றோர் நல அலுவலகத்தின் ஏடுகளிலிருந்து, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளில் இணையவழிக் கூடி ஏறத்தாழ 18 இலட்சம் பெயர்களைப் படித்தெடுத்தனர். அறிவைப் பரவலாக்கியதன் பயன் அது. அடிமைத்தளையில் இருந்தபடியே 1831இல் தம் வரலாற்றை அரபியில் எழுதிய உமர் இப்னு ஸஈத், தந்தையின் பெயரைத் தம் பெயரோடு காத்து வைத்தார். அந்தப் பேறு எத்தனை பேருக்குக் கிட்டிற்று?

நாமும் நம் பக்கம் சற்றுத் திரும்பிப் பார்ப்போமாக. நம் மஹல்லாக்களின் நிக்காஹ் பதிவேடுகள், மையவாடிகளின் மீஸான் கற்கள், அரபுத்தமிழில் எழுதப்பட்ட கடிதங்கள், பத்திரங்கள் யாவும் சான்றுகளே. 'எங்கள் முன்னோர் அரபு நாட்டினர்' என்று சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே பல. சொல்வது எளிது, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் ஆவணம் காட்டுவதே அரிது. அவ்வாவணங்களைப் படியெடுத்துக் காக்கவும், அரபுத்தமிழ் எழுத்தைப் பிழையறப் படிக்கவும், கிடைத்த செய்தியைத் தராசில் இட்டு நிறுக்கவும் நம் இளைஞர்கள் கற்க வேண்டும். இணையவழிப் பாடங்கள் அதற்கான முறையைத் தரும். ஏடுகளைத் தர வேண்டியவர்கள் நாம். கறையான் தின்ற ஏட்டை எப்பல்கலைக்கழகமும் மீட்டுத் தர இயலாது.