ஸ்ரீவில்லிபுத்தூரின் வரலாற்றுச் சின்னங்கள்

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசி செல்லும் சாலையில் உள்ள ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். 108 வைணவத் திவ்ய தேசங்களுள் ஒன்று. பெரியாழ்வார், ஆண்டாள் என ஆழ்வார்கள் இருவர் பிறந்த தலம். சுமார் 11 கி.மீ. தொலைவிலுள்ள ராஜபாளையத்திலிருந்து வந்தாலும் மதுரையிலிருந்து வந்தாலும், பயணியின் கண்ணில் முதலில் படுவது 11 நிலைகளுடன் 192 அடி உயரத்தில் நிற்கும் ராஜகோபுரம்தான். அதுவே ஊரின் மூத்த சின்னம் என்ற எண்ணமும் அப்போதே மனத்தில் பதிந்துவிடுகிறது. சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் முடிவு நேர்மாறாக வருகிறது. இங்கே மிக உயர்ந்தது பின்னாளில் வந்தது. மிகப் பழையது தரையோடு கிடக்கிறது.

பாண்டியன் வல்லபதேவன் அவையில் வாதில் வென்று பெற்ற பொற்கிழியைக் கொண்டு பெரியாழ்வாரே இக்கோபுரத்தை எழுப்பினார் என்பது மரபு. அவர் காலம் 8 அல்லது 9ஆம் நூற்றாண்டு. தமிழகக் கோயிற்கலையின் வளர்ச்சி இதற்கு இடம் தரவில்லை. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில் வானைத் தொடுவது கருவறை மேலுள்ள விமானம். வாயில் கோபுரங்கள் அதன் முன் சிறியவை. கோபுரம் விமானத்தை விஞ்சி வளர்வது பிற்காலச் சோழர், பாண்டியர் நாளில் தொடங்கி, விஜயநகர, நாயக்கர் காலத்தில் உச்சம் பெற்ற போக்கு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் 1559இல் எழுந்தது. திருவரங்கத்தில் அடித்தளத்தோடு நின்றுபோன தெற்கு ராஜகோபுரம் 13 நிலைகளோடு நிறைவுற்றது 1987இல்தான், 236 அடி. அந்தத் தலத்திலும் மிக உயர்ந்ததே மிக இளையது. அப்படியானால் பொற்கிழிக் கதை பொய்யா என்று அடியார்கள் கேட்பது நியாயம். பொய் என்று சொல்லத் தேவையில்லை. பரிசுப் பொருள் கோயில் திருப்பணிக்குச் சென்றிருக்கலாம். முதலில் சிறியதொரு வாயில் எழுந்திருக்கலாம். பின்னர் வந்தவர்கள் பெரிதாக்கிய பணியின் புகழையும் முதல்வரின் பெயரிலேயே ஊர் வைத்துக்கொண்டது. கதை காப்பது கொடையின் நினைவை. கட்டடத்தின் காலத்தை அதில் தேட வேண்டியதில்லை.

பழையது எது? கோயில் வளாகத்தின் வடகிழக்கில் வடபத்ரசாயி பள்ளிகொண்டிருக்கிறார். தென்மேற்கில் ஆண்டாள் ரங்கமன்னாரோடும் கருடனோடும் நிற்கிறாள். இரண்டுக்கும் நடுவே உள்ள நந்தவனத்தில் துளசிச் செடியடியில் பெரியாழ்வார் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்தார் என்கிறது தலவரலாறு. ஆண்டாளின் திருப்பாவையில் வரும் வெள்ளி, வியாழன் குறிப்பை வைத்து மு. இராகவையங்கார் அந்நூலின் காலத்தை கி.பி. 731 என்று கணித்தார். கணக்கில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் பெரிய கோபுரங்களின் யுகத்துக்கு அது பல நூற்றாண்டுகள் முந்தியது என்பதில் ஐயமில்லை. 1509 முதல் 1529 வரை ஆண்ட விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ பாடியபோது அவரை ஈர்த்தது சூடிக் கொடுத்தவளான ஆண்டாளின் மாலை. மண்ணும் பூவும் சான்றாகுமா, தோட்டத்துக்குக் கல்வெட்டு உண்டா என்று வரலாற்று மாணவர் மறுக்கலாம். செடி அந்தக் காலத்துச் செடி இல்லைதான். ஆனால் மாலை கொடுக்கும் வழக்கத்தைச் சுற்றித்தான் சன்னதிகளும் விழாக்களும் வளர்ந்திருக்கின்றன. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி செல்கிறது. சித்திரையில் வைகையில் இறங்கும் கள்ளழகர் அணிவதும் அவள் மாலையே. அவள் கையிலுள்ள கிளியையும் நாள்தோறும் புதிதாகச் செய்கிறார்கள்: மூக்குக்கு மாதுளம்பூ, உடலுக்கு மரவள்ளி இலை, கண்ணுக்குக் காக்காய்ப்பொன். இந்த வேலையை அருகிருந்து பார்க்காமல் கோபுரத்தை மட்டும் படமெடுத்துத் திரும்புகிறவர் ஊரின் பாதியைத் தவறவிடுகிறார்.

நாயக்கர் காலம் இவ்வூருக்குப் பெரும் உருவம் தந்தது என்பதை மறுக்க முடியாது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் அரண்மனை ஒன்று இங்கே இருக்கிறது. பின்னாளில் நீதிமன்றமாகப் பயன்பட்ட அந்தக் கட்டடம், மதுரை மகாலின் புகழில் பங்கு பெறாமல் ஒதுங்கியே நிற்கிறது, வருத்தம்தான். மடவார்வளாகம் வைத்தியநாதசுவாமி கோயிலில் நாயக்கரின் வயிற்றுநோய் தீர்ந்தது என்று ஊரார் சொல்வர்.  

கோபுரத்தின் புகழுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1949இல் உருவான தமிழக அரசுச் சின்னத்தில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பது பரவலான நம்பிக்கை. வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ் மதுரை மேற்குக் கோபுரத்தையே மாதிரியாகக் கொண்டார் என்ற கருத்தும் வலுவாக உண்டு. அதே 1949இல் சென்னை மாகாண முதல்வரானவர் ராஜபாளையத்துக்காரரான பி. எஸ். குமாரசாமி ராஜா என்பதால் உள்ளூரில் இந்த வழக்குக்குச் சூடு அதிகம். வழக்கு எப்படி முடிந்தாலும் ஆண்டாள் ஊருக்கு இழப்பில்லை. சின்னம் வரையப்படுவதற்கு நானூறு ஆண்டுகளுக்கும் முன்பே, துங்கபத்திரை நதிக்கரையில் இருந்த ஒரு பேரரசன் இவ்வூரை அறிந்திருந்தான். அவன் அறிந்தது கோபுரத்தால் அல்ல, மாலையால்.