கையால் கோத்த எழுத்து: சிங்கப்பூரின் தொடக்ககாலத் தமிழ் நூல்கள்

கையால் அச்சுக்கோத்து உருவாக்கிய அழகுப் பதிப்புகளைத் தனித் தொகுப்பாகப் பேணுவது மேலைநாட்டு நூலகங்களின் வழக்கம். இம்மரபின் முன்னோடியாக, வில்லியம் மோரிஸ் 1891இல் இலண்டனில் நிறுவிய கெல்ம்ஸ்காட் அச்சகத்தைக் குறிப்பிடுவர். இயந்திர அச்சின் தரக்குறைவை வெறுத்த மோரிஸ், கைவினைக்குத் திரும்பினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே சிங்கப்பூரில் தமிழ் நூல்கள் கையால் கோக்கப்பட்டன. எனினும் அவற்றை இலக்கியச் சான்றுகளாக நோக்கிய அளவிற்குக் கைவினைப் பொருள்களாக நாம் நோக்கவில்லை. இக்குறையையே இக்கட்டுரை கருதுகிறது.

யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் 'சிங்கை நகர் அந்தாதி'யும் 'சித்திர கவிக'ளும் 1887இல் வெளிவந்தன. தேங்க் சாலை முருகனைப் பாடும் அந்தாதி, இந்நாட்டில் நமக்குக் கிட்டியுள்ள மிகப் பழைய தமிழ் இலக்கிய நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அவ்வாண்டு ஜூன் 27ஆம் நாள் சி. கு. மகுதூம் சாயபுவின் 'சிங்கை நேசன்' வார இதழும் தொடங்கி, 1890 வரை நடைபெற்றது. மோரிஸுக்குக் கைக்கோப்பு ஒரு தேர்வு. இவர்களுக்கோ அதுவே கிடைத்த வழி.

அவ்வழி எளிதன்று. ஆங்கிலத்தைவிடப் பன்மடங்கு மிகுதியான அச்செழுத்துகள் தமிழுக்குத் தேவை. சித்திரகவியோ தேர், பாம்பு, தாமரை முதலிய உருவங்களின் கட்டங்களில் எழுத்துகளைப் பொருத்துவது. ஓர் எழுத்தே இரண்டு மூன்று அடிகளுக்குப் பொதுவாக நிற்கும். ஓர் ஈய எழுத்து இடம் மாறினும் பாடல் முழுவதும் சிதையும். எனவே இவ்வகை நூலில் புலவரின் திறனோடு அச்சுக்கோப்பாளரின் திறனும் பங்கு கொள்கிறது. புலவரின் பெயர் நிலைத்தது. கோத்தவரின் பெயரை நாம் அறியோம்.

இந்நூல்கள் பிழைத்தமைக்கு ஒரு சட்டமும் காரணம் எனலாம். நீரிணைக் குடியேற்றங்களில் 1886இல் இயற்றப்பட்ட நூற்பதிவுச் சட்டம், அச்சிட்ட நூல்களின் படிகளை அரசிடம் ஒப்படைக்கப் பணித்தது. அதன்வழிப் படிகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தையும் அடைந்தன. பதிவுப் பட்டியல்கள் அரசிதழில் வெளியிடப்பட்டன. பட்டியலில் பெயர் மட்டும் எஞ்சி, நூல் மறைந்துபோனதும் உண்டு. தமிழின் முதல் அச்சு நூல்களுள் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இன்று அதன் படியைக் காண ஹார்வர்டு செல்ல வேண்டியுள்ளது. உருவாக்கிய இடம் ஒன்று, காத்த இடம் வேறொன்று என்பது தமிழ் நூல்களுக்குப் புதிதன்று.

மின்வடிவம் போதாதா என்னும் வினா எழலாம். படமாகப் பிடித்த பக்கம் பெருந்துணையே. ஆயின் பாடலை மறுதட்டச்சு செய்யும்போது, 1978இல் தமிழ்நாட்டரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட ணை, லை, றா போன்றவற்றின் பழைய வடிவங்கள் மறைகின்றன. தாளின் தன்மையும் ஈயம் அழுத்திய தடமும் படத்திலும் தங்குவதில்லை.

பூன் லேயிலிருந்து பேருந்தில் எட்டும் தொலைவிலுள்ள தேசியக் கல்விக் கழகத்தில் வருங்காலத் தமிழாசிரியர்கள் பயில்கின்றனர். அதே பூன் லேயிலிருந்து விக்டோரியா தெருவின் தேசிய நூலகத்திற்குச் செல்லப் பூகிஸ் வரை பதினைந்து நிலையங்களே. பழைய அச்சுப் பக்கமொன்றை அவர்கள் ஒருமுறையேனும் நேரில் காண வேண்டும். அந்தாதியின் ஆண்டை மனனம் செய்த மாணவர், அதை எழுத்தெழுத்தாகக் கோத்த கையையும் அப்போதே அறிவர். அக்கையின் வரலாற்றை எழுதுவது நம் துறையின் கடமையாகும்.